ஏறுகிற வண்டிக்கு வழி விடு

காலையில் ஒருவருக்கும் வழிவிடாமல், சாயங்காலம் எல்லோருக்கும் வழிவிட்டு நின்ற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் பூம்பாறை மேட்டுவண்டி.

பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் இருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. கொடைக்கானல் ஏரிப் பக்கம் டூரிஸ்டுகளுக்கு மலைப்பூண்டு விற்பவர். முதலில் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார். "பஸ் பூரா வாடை தூக்குதுய்யா" என்று கண்டக்டர் ஒருநாள் சொல்லப்போக, மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு பழைய சைக்கிளை வாங்கி, ஹாண்டில்பாரில் பூண்டைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு, பாதி மிதித்தும் பாதி தள்ளியும் கொடைக்கானலுக்கு ஏற ஆரம்பித்தார். மூளை சரியாக இருக்கிற எவரும் செய்யாத காரியம்.

மலை ரோட்டில் ஒரு முறை உண்டு. குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். மேட்டில் ஒருதரம் நின்றுவிட்டால் மறுபடி நகர்த்துவது பெரும்பாடு என்பதால் வந்த முறை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆன இந்த முறையை மேட்டுவண்டி தன் சைக்கிளுக்கும் எடுத்துக்கொண்டார். அதுவும் தள்ளிக்கொண்டு போகும்போது!

நான் அப்போது பூம்பாறையில் கால்நடை டாக்டர். காலை பஸ்ஸில் கொடைக்கானலிலிருந்து இறங்குவேன். முதல் நாளே தரிசனம் கிடைத்தது. ஒரு வளைவில் நடுரோட்டில் சைக்கிளோடு நிற்கிறார். டிரைவர் மாயாண்டி அண்ணன் ஹாரனை அமுக்கிய அமுக்கில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

"ஏலே, சைக்கிளுக்கு ரெண்டு முழம் எடம் பத்தாதா? ஓரமாப் போயேன்!"

"எடம் கெடக்குங்க. நா எடத்துக்காகக் கேக்கல, மரியாதைக்குக் கேக்குறேன். ஏறுற வண்டி நானு. நீங்க ஒதுங்குங்க."

பஸ் ஒதுங்கியது. மனிதர் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாகத் தள்ளிக்கொண்டு போனார். "தெனம் இதே எழவுதான் டாக்டரம்மா" என்றார் மாயாண்டி அண்ணன். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்கில் இதே எழவுதான் நடந்தது.

ஒருதரம் கொடி கட்டிய கார் ஒன்றையே மறித்துவிட்டார். முன்சீட்டிலிருந்து போலீஸ்காரர் குதித்து, "யோவ், யாருய்யா நீ?" என்று உறுமினார்.

"மேட்டு வண்டிங்க."

பேர் அன்று விழுந்ததுதான். காருக்குள் இருந்த பெரியவர் சிரித்துவிட்டதால் பிழைத்தார். போகிறபோக்கில் அவர் தலையிலும் இரண்டு கொத்துப் பூண்டைக் கட்டிவிட்டார் என்பது கூடுதல் செய்தி.

அவர் ஒதுங்கியது ஒரே ஒரு தடவை, எதிரே காட்டுமாடு இறங்கி வந்தபோது. சைக்கிளைப் போட்டுவிட்டுக் கல்லுக்குப் பின்னால் பதுங்கியதை எங்கள் பஸ்ஸே பார்த்தது. "என்னய்யா, அதுகிட்ட மரியாதை கேக்கலையா?" என்று மாயாண்டி அண்ணன் வாரினார். "அது நடந்து போற சீவன். வண்டி கணக்குல வராதுங்க" என்றார், சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டியபடி.

ஆனால் சாயங்காலம் பார்க்க வேண்டும். இறங்கும்போது ஏறி வருகிற எதற்கும் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓரத்தில் நிற்பார். லாரி, ஜீப், வாடகை சைக்கிளில் மூச்சு வாங்கும் காலேஜ் பையன், யாராக இருந்தாலும் சரி. கொட்டுகிற மழையிலும் நிற்பார். அந்த நேர்மையைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போனது.

அந்த நேர்மைதான் அவர் மகள் செல்வியின் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

கல்யாணம் பழனி அடிவாரத்தில். மாப்பிள்ளையும் பழனிக்காரர். பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். ஜீப்பில் பெண், மேட்டுவண்டி, இன்னும் சில சொந்தங்கள், நான். பழனி ரோட்டில் பாதி இறங்கியதும் ஓரிடத்தில் மண் சரிந்து, ஒரு வண்டி மட்டும் போகிற அளவுக்கு ரோடு மிச்சமிருந்தது. விடுமுறை வேறு. கீழேயிருந்து கார் மேல் காராக ஏறி வந்துகொண்டே இருந்தது. சங்கிலி அறுகிற வழியைக் காணோம்.

"மூக்க நொழச்சிர்றேன் மாமா" என்று ஜீப் டிரைவர் கியரைப் போட்டதும், மேட்டுவண்டி பட்டுவேட்டியோடு குதித்து ஜீப்புக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார்.

"ஏறுற வண்டி போகட்டும்லே!"

"அப்பா, இன்னைக்கு ஒருநா மட்டுமாச்சும்..." செல்வியின் கண்மை கரைந்தது.

"நம்ம சோலின்னா மொறை மாறிருமா தாயி?" என்றார். நெற்றியில் வேர்வை. கார்கள் வந்தபடி இருந்தன. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். "வழி விட்டுக்கிட்டு இருக்கோம் மாப்ள" என்று சொல்லிவிட்டு, போனை என் கையில் திணித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கு அவரை உலுக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அப்போது கீழே ஒரு பஸ் வந்து, குறுகலுக்குள் நுழையாமல் நின்றது. பின்னால் வந்த கார்களெல்லாம் ஹாரனில் அலறின. டிரைவர் ஜன்னலில் தலை தெரிந்தது. அந்த மாதம்தான் பழனி ரூட்டுக்கு மாறியிருந்த மாயாண்டி அண்ணன்!

"ஓய் மேட்டுவண்டி! வெரசா எறங்குய்யா!"

"நீங்க ஏறுற வண்டிங்க. நாங்க எப்பிடி எறங்குறது?"

மாயாண்டி அண்ணன் எஞ்சினையே அணைத்துவிட்டார். மேட்டில் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்த டிரைவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எடத்துக்காகச் சொல்லலய்யா. மரியாதைக்குச் சொல்றேன். புள்ளையக் கூட்டிட்டுப் போ!"

மேட்டுவண்டி ஜீப்பில் ஏறினார். ஜீப் பஸ்ஸைத் தாண்டும்வரை கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. கெட்டிமேளத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். மறுவாரம் அந்த பஸ்ஸின் கண்ணாடியில் ஒரு பெரிய பூண்டுக் கொத்து தொங்கியது. வாடை என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

முழங்கால் தேய்ந்து, இப்போது மகள் வீட்டோடு பழனியில் இருக்கிறார். ஏற்றமே இல்லாத தெருவில் மனிதர் என்ன செய்வாரோ என்று கவலைப்பட்டேன். தேவையே இல்லை. மலைக்கோயில் படி அடியில் உட்கார்ந்துகொண்டு, "ஏறுறவகளுக்கு வழி விடுங்க சாமி!" என்று இறங்குகிற பக்தர்களை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாராம்.

அடுத்த தடவை பழனிக்குப் போனால் எனக்கு விஞ்ச் ரயில் வேண்டாம். மூச்சு வாங்கினாலும் படியேறித்தான் போகப்போகிறேன். எனக்கும் வழி விடச் சொல்லி ஒரு மனிதர் சத்தம் போடுவதை ஒருதரம் கேட்க வேண்டும்.