வெறுமையாய்த் திரும்பிய தூக்குவாளி

"இன்னைக்கும் கொழுக்கட்டைதான்" என்று தூக்குவாளியை மேசைமேல் வைத்தாள் சரஸ்வதி.

அவள் புருஷன் விக்னேஸ்வரன் மூடியைத் திறந்து பார்த்தான். வாளி நிறையப் பூரணக் கொழுக்கட்டை. அடியில் இருப்பது நசுங்கக் கூடாதென்று வாழையிலை வேறு போட்டிருந்தார்கள்.

"பக்கத்து வீட்டு மதினி குடுத்தாகளா?"

"மதினிதான். 'எங்க வீட்டுக்காரருதான் அவிக்கச் சொன்னாக, தம்பிக்குக் கொழுக்கட்டைன்னா உசுராம்ல'ன்னு சொல்லிக் குடுத்தாக. அவுககிட்ட யாரு அப்படிச் சொன்னா?"

"நான் எங்க சொன்னேன்! அவருக்குத்தான் உசுருன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்!"

"அப்ப இந்த வாளியில இனி என்னத்தப் போட்டு அனுப்புறது?"

அதுதான் பிரச்சினை. பாத்திரத்தில் ஒன்று வந்தால் அதை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்க முடியாது. காரைக்குடிப் பக்கம் அப்படிக் கொடுத்தால், உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அடுத்த வீட்டு முத்துராமலிங்கமும் அதே பழக்கத்தில் வளர்ந்தவர். ஆகவே வாரம் முழுக்க அந்த எவர்சில்வர் வாளி இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓயாமல் போய்வந்து கொண்டிருந்தது.

விக்னேஸ்வரனுக்குப் பரம்பரையாகத் தச்சுத் தொழில். இப்போது மரச்சாமான் கடை வைத்திருக்கிறான். பூஜையறைக் கதவு செய்வதில் அவன் கை பேர் போனது. மணி வைத்த கதவென்றால் தேவகோட்டையிலிருந்துகூடத் தேடி வருவார்கள். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனும் சரஸ்வதியும் இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். பேரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் ஆதார் அலுவலகம், கடைப் பெயர்ப்பலகை, மாமனார் ஆகிய மூன்றையும் சமாளிக்க வேண்டும். முதல் இரண்டும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் புதுவயலுக்குப் போவார்கள். அங்கே அரிசி ஆலை ஒன்றின் மாடியில் சபை கூடும். தெருவில் யாராவது கேட்டால் அரிசி வாங்கப் போனோம் என்பார்கள். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வாராவாரம் அரிசியா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அந்த மட்டும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

முத்துராமலிங்கம் கீழச்சிவல்பட்டிப் பக்கம் நிலபுலம் உள்ளவர். மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். விக்னேஸ்வரன் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, சொந்தத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் கூடவே உட்கார்ந்திருந்தவர் இவர்தான். அன்றிலிருந்து விக்னேஸ்வரனுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி.

இப்போது அந்த அண்ணனுக்கு இதயத்தில் அடைப்பு. திங்கட்கிழமை காலையில் அறுவைச் சிகிச்சைக்காக மதுரைக்குப் போகிறார்.

அது தெரிந்ததிலிருந்து விக்னேஸ்வரனுக்குத் தூக்கமில்லை. மூன்று வருஷம் பக்கத்து வீட்டிலேயே இருந்தும் ஆண்டவருடைய அன்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! மனுஷனுக்கு ஏதாவது ஆகி, ஒன்றும் கேள்விப்படாமலே போய்விட்டால்? சொல்லவும் பயம். கோவிலில் முதல் மரியாதை வாங்குகிற குடும்பம். ஞாயிறு தவறாமல் புருஷனும் பெண்டாட்டியும் வாடகைக் காரில் கிளம்பிவிடுவார்கள். குன்றக்குடிக்காகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவரிடம் போய் இதைச் சொன்னால் உறவு முறிந்துவிடுமோ?

ஆனாலும் போன வாரம் துணிந்து ஒருதரம் ஆரம்பித்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் முத்துராமலிங்கம்.

"அண்ணே, மனுச உசுரு எந்நேரமும் போகும்."

"ஆமா தம்பி" என்றார் அவர், நெஞ்சைத் தடவிக்கொண்டே.

"போனா எங்குட்டுப் போவோம்னு யோசிச்சிருக்கீகளா? அங்க அக்கினி இருக்குண்ணே. அவியாத அக்கினி!"

முத்துராமலிங்கம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதத்தான் தம்பி நானும் ஒங்கிட்டக் கேக்கணும்னு இருந்தேன்" என்றார். அவர் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி யோகலட்சுமி மாத்திரையும் தண்ணீருமாக ஓடிவந்தாள். விக்னேஸ்வரன் நைசாக நழுவி வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னான். பாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் பிரதர், நெஞ்சுவலிக்காரருகிட்டப் போயா நரகத்துல ஆரம்பிப்பீக?"

"எல்லாத்தையும் சொல்லணும்ல பாஸ்டர்?"

"சொல்லணும். ஆனா ஆண்டவரு அவரு மேல வச்சிருக்கிற அன்பச் சொல்றதுக்கு முன்னாடி, நீங்க வச்சிருக்கிற அன்பு அவருக்குத் தெரியணும்ல? அவருக்குப் பிடிச்சதச் செய்ங்க. மனசு தானாத் தெறக்கும்."

அன்றைக்குச் சபை முழுக்க முத்துராமலிங்கத்துக்காக ஜெபம் நடந்தது. கோவில் கோவிலாகச் சுற்றுகிற அவர் மனக்கண் திறக்கப்பட வேண்டும் என்று விக்னேஸ்வரன்தான் பேர் சொல்லி ஜெபித்தான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

பக்திமானுக்குப் பிடித்தது எது? யோசித்துப் பார்த்து, மறுநாளே பிள்ளையார்பட்டிக்கு வண்டியை விட்டான். கோவில் வாசல் கடையில் அண்ணன் வீட்டுத் தூக்குவாளி நிறைய மோதகம் வாங்கினான். கடையில் வாங்கியதுதானே, படைத்தது இல்லையே என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டு, சபைக்காரர்கள் யாரும் பார்த்துவிடாதபடி ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பினான்.

முத்துராமலிங்கம் மோதகத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "பிள்ளையார்பட்டியா தம்பி?" என்றார்.

"ஆமாண்ணே. ஒங்களுக்காகவே போனேன்."

"அம்புட்டுப் பக்தியா!" என்று பெருமூச்சு விட்டார். மறுநாள் வாளி கொழுக்கட்டையோடு திரும்பி வந்தது.

அதற்குப் பதில் மோதகம். மோதகத்துக்குப் பதில் கொழுக்கட்டை. விக்னேஸ்வரனுக்குச் சர்க்கரை ஏறி, மாத்திரையை இரட்டித்தார் டாக்டர்.

"இப்படியே போனா அவருக்கு முன்னாடி நீங்க மதுரைக்குப் போயிருவீக" என்றாள் சரஸ்வதி.

சாப்பிடுகிற பொருளே வேண்டாம், வேறு ஏதாவது செய்வோம் என்று தீர்மானித்தான். கடையில் உட்கார்ந்து தேக்கில் ஒரு சுவர் மாடம் செய்தான். சாமி படம் வைக்கிற மாதிரியான மாடம்தான். ஆனால் மேலே கோபுரம் செதுக்கவில்லை, மணி தொங்கவிடவில்லை. ஆகவே இது வெறும் அலமாரி என்று மனசாட்சியோடு வாதாடி ஜெயித்தும்விட்டான். சனிக்கிழமை அவனே போய்ச் சுவரில் மாட்டிக் கொடுத்தான்.

சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது, மாடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடியும் ஒரு துணிப்பையும் மட்டும் இருந்தன.

"சாமி படம் வைக்கலயாண்ணே?"

முத்துராமலிங்கம் தடுமாறினார். "வைக்கணும், வைக்கணும்... நல்ல நாள் பாத்து வைக்கணும்" என்று துணிப்பையை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, போறதுக்குள்ள ஒனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்னு மனசு அடிச்சுக்குது."

"எனக்கும்தாண்ணே! நீங்க மொதல்ல சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், "கொழுக்கட்டையில இனிப்புச் சரியா இருந்துச்சா?" என்றார்.

"பிரமாதம்ணே. நான் குடுத்த மோதகம்?"

"பேஷ்!"

விக்னேஸ்வரன் எழுந்து வந்துவிட்டான். அவன் பின்னாலேயே வந்து சேர்ந்தது தூக்குவாளி, மாடத்துக்குப் பதில் மரியாதையாக இன்னும் பெரிய கொழுக்கட்டைகளோடு.

அன்று சரஸ்வதிக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்க அவருகிட்டச் சொல்லப் போறது என்ன?"

"ஆண்டவரு அவர நேசிக்கிறாருன்னு."

"அந்த அன்புக்கு நாம பதில் செய்யணுமா?"

"அது எப்படி? நம்மளால முடியுமா? அது சும்மா குடுக்கிறது."

"சும்மா குடுக்கிற அன்பச் சொல்லப் போற ஆளால, ஒரு வாளியச் சும்மா திருப்பிக் குடுக்க முடியல! மோதகத்துக்குக் கொழுக்கட்டை, கொழுக்கட்டைக்கு மாடம்னு ஏட்டிக்குப் போட்டியா அனுப்புனா, அன்புன்னா என்னன்னு அந்த மனுசன் நெனப்பாரு?"

ஆறு வருஷம் கேட்ட பிரசங்கத்தில் இவ்வளவு தெளிவு விக்னேஸ்வரனுக்குக் கிடைத்ததில்லை. உடனே ஒரு யோசனையும் வந்தது. யோசனை வந்துவிட்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது, செய்து முடித்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாளியைப் பளபளவென்று விளக்கி, வெறுமையாக எடுத்துக்கொண்டு போனான். ஏன் வெறுமையாக என்று அண்ணன் கேட்பார். அதையே பிடித்துக்கொண்டு ஆண்டவருடைய அன்பைச் சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

கதவைத் திறந்தவள் யோகலட்சுமி. வாளியை வாங்கியதும் அதன் கனத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தாள். முகம் செத்துப் போயிற்று.

"மதினி, அது வந்து..."

"இருக்கட்டும் தம்பி. எங்களால ஒங்களுக்கு என்ன மனக்குறையோ. அவுக தூங்குறாக" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

விக்னேஸ்வரன் வீட்டுக்கு வந்து போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி செய்தான். எடுக்கவே இல்லை. எப்போதும் அந்நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிற முத்துராமலிங்கம் அன்று வெளியே வரவும் இல்லை.

"போச்சு, எல்லாம் போச்சு! சொல்லவும் இல்ல, இருந்த உறவையும் கெடுத்துக்கிட்டேன்" என்று புலம்பினான்.

"நான் வாளிய வெறுமையாக் குடுங்கன்னு சொன்னேனா? வாயத் தெறந்து சொல்லுங்கன்னுதானே சொன்னேன்!" என்றாள் சரஸ்வதி.

திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டு வாசலில், ஞாயிறுதோறும் வருகிற அதே வாடகைக் கார் வந்து நின்றது. ஓட்டுநர் வீரணன் பைகளை ஏற்றினான். முத்துராமலிங்கத்தைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பின்னிருக்கையில் உட்கார வைத்தாள் யோகலட்சுமி. கார்க் கதவைச் சாத்தப் போகிற நேரத்தில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு விக்னேஸ்வரன் ஓடிவந்தான்.

"அண்ணே! கோவிச்சுக்கிட்டுப் போகாதீக. நான் சொல்ல வேண்டியதச் சொல்லிர்றேன். அப்புறம் நீங்க எம்மூஞ்சியில முழிக்காட்டியும் சரி."

முத்துராமலிங்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் மோதகம் குடுத்தா நீங்க கொழுக்கட்டை குடுக்கீக. நீங்க குடுத்தா நான் குடுக்கணும். நம்ம அன்பு அம்புட்டுத்தாண்ணே. ஆனா ஒருத்தரு இருக்காரு. நாம அவர நெனைக்காதப்பவே, ஒதுக்கி வச்சிருந்தப்பவே, நம்ம பாவத்த எல்லாம் தன் மேல போட்டுக்கிட்டு உசுரக் குடுத்தவரு. அதுக்கு எத வச்சுத் திருப்பிக் குடுப்பீக? குடுக்கவே முடியாது. வெறுங்கையோட வாங்கிக்கிறத் தவிர வேற வழியில்ல. அதுக்குத்தாண்ணே வாளிய வெறுமையாக் கொண்டாந்தேன். ஏசு ஒங்கள நேசிக்கிறாருண்ணே! நான் கோவிலுக்குப் போறவன் இல்ல, ஆறு வருசமா அவரோட பிள்ளை. ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டே இருந்துட்டேன். நெசமாவே ஒங்க மேல அன்பு இருந்திருந்தா மொத நாளே சொல்லியிருக்கணும். என்னய மன்னிச்சிருங்க!"

அவனுக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

முத்துராமலிங்கம் கண்களை மூடினார். இரண்டு கன்னத்திலும் கண்ணீர் வழிந்து இறங்கியது. கையை நீட்டி அவன் கையை இறுகப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பக்கத்தில் யோகலட்சுமி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினாள்.

ஒரே பேச்சில் இரண்டு ஆத்துமாக்கள்! விக்னேஸ்வரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆண்டவருக்கு மனசுக்குள்ளேயே நன்றி சொன்னான். பாஸ்டருக்கு உடனே போன் பண்ண வேண்டும், அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்றெல்லாம் மனசு ஓடியது.

"தம்பி..." என்று ஆரம்பித்த முத்துராமலிங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

இத்தனையையும் வாய் பார்த்துக்கொண்டு நின்ற வீரணன், விக்னேஸ்வரனை ஏற இறங்கப் பார்த்தான்.

"அட, அந்த விக்னேஸ்வரன் நீங்கதானா! பிள்ளையாரே கதின்னு கெடக்குற அந்தத் தம்பிய எப்படியாச்சும் ரட்சியும் ஆண்டவரேன்னு, ஞாயித்துக்கெழம தவறாம தேவகோட்டை சபையில ஐயா முழங்கால் போட்டு அழுகுறது ஒங்களுக்காகத்தானா?"