கால் பரீட்சை

கனகராஜ் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் முடிவுக்கு வந்தால் வீட்டில் தனக்கு வேலை கூடும் என்பது மனைவி சந்திரமதிக்குத் தெரியும். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என் கூட்டாளி மூர்த்தி விக்கிறான்ல ஒரு சத்து மாத்திரை? அதுக்கு நான் ஏஜெண்ட் ஆகப் போறேன்."

"எதுக்கு மாத்திரை?"

"உன் காலுக்குத்தான். லிப்பிடிமாவுக்குன்னே செஞ்சதாம்."

லிப்பிடிமா அந்த வீட்டுக்குப் புது விருந்தாளி இல்லை, பெயர்தான் புதிது. இடுப்புக்குக் கீழே இரண்டு காலிலும் கொழுப்பு சேர்ந்து வீங்கும். தொட்டால் வலிக்கும். லேசாக இடித்துக்கொண்டால் ரத்தம் கட்டி நீலமாகிவிடும். பட்டினி கிடந்தாலும் கால் இளைக்காது. பல வருஷம் அலைந்த பிறகு ஒரு பெண் மருத்துவர்தான் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதைக் கேட்டதும் கனகராஜ், "லிப்புன்னா உதடுதானே? உன் உதடு ஓய்வே இல்லாம நல்லாத்தானே ஓடுது?" என்றார். அன்று ராத்திரி அவருக்கு வெறும் ரசம்தான் கிடைத்தது.

தெப்ராவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் சூப்பர்வைசர் அவர். மூடி வாளிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கோட்டு போட்டு, ஏஜெண்டுகள் கூட்டம் நடக்கும் ஹோட்டல் மேடையில் மைக் பிடித்து, கைதட்டல் வாங்க வேண்டும். மேடைக்கு மூர்த்தி ஏற்பாடு செய்துவிட்டான். மனைவி குணமானதாகச் சாட்சி சொன்னால் போதும்.

"சும்மா எல்லாம் சாட்சி சொல்ல மாட்டேன்" என்றாள் சந்திரமதி. "சோதிச்சுப் பாப்போம். பலிச்சா நானே மேடை ஏறிப் பேசறேன். பலிக்கலைன்னா ஏஜெண்ட் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சோதனையா? அது என் தொழில் லா!"

"முறைப்படி நடக்கணும். ரெண்டு போத்தல். ஒண்ணுல மருந்து, ஒண்ணுல அதே மாதிரி கேப்சூல் கூட்டுல அரிசி மாவு. மாசத்துக்கு ஒரு போத்தல். எது எதுன்னு எனக்கும் தெரியக் கூடாது, உங்களுக்கும் தெரியக் கூடாது."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாம ஆரம்பிக்கணுமா? நம்ம கல்யாணம் மாதிரி."

"அதுல எனக்கு ரிசல்ட் தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு."

பக்கத்து வீட்டுப் பிரேமலா ஸ்கூடாயில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவள்தான் கூடுகளை நிரப்பி, போத்தல்களில் ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே கனகராஜ் அவளை வாசல் கேட்டில் மடக்கினார்.

"தங்கச்சி, எதுலம்மா மருந்து?"

"சொல்லக் கூடாதுண்ணே. அக்கா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க."

"நான் தரம் பாக்கிற ஆளும்மா. எனக்குத் தெரிஞ்சா தப்பில்ல."

பிரேமலா இரண்டு பக்கமும் பார்த்தாள். "ரெண்டாவதுலண்ணே. என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது."

முதல் மாதம் கனகராஜுக்கு நிம்மதி. மாவு மாதம்தானே! சோபாவை விட்டு அசையவில்லை. ஜொகூர் பாரு சேலைக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, சந்திரமதி வழக்கம்போல் சமைத்தாள், துவைத்தாள், தரை துடைத்தாள்.

"கால் வலிக்குதா?" என்று ஆவலோடு கேட்பார்.

"உயிர் போகுதுங்க."

"சபாஷ்!" என்பார். அவள் முறைத்ததும், "ஐயோ பாவம்னு சொல்ல வந்தேன்" என்று மாற்றிக்கொள்வார்.

இரண்டாவது போத்தல் திறந்ததும் கனகராஜுக்குக் கவலை பிடித்தது. மருந்து மெதுவாக வேலை செய்தால்? அதற்குள் மாதம் முடிந்துவிட்டால் மேடை என்னாவது? மருந்துக்குக் கொஞ்சம் கை கொடுத்தால் என்ன என்று யோசித்தார். மாப்பை எடுத்தார். துணி துவைத்தார். "நீ காலை நீட்டி உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றார். மருத்துவர் போடச் சொன்ன அழுத்தக் காலுறை தனியாக இழுத்துப் போட முடியாமல் அலமாரியில் கிடந்தது. தினமும் காலையில் ரப்பர் கையுறை மாட்டி, மூச்சு வாங்க வாங்க அதை அவரே இழுத்து ஏற்றினார். ஞாயிறுதோறும் நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் நடக்க வைத்தார்.

ஒருநாள் பாசார் மாலாமில் சந்திரமதி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்கேயும் உட்காராமல் நடந்தாள். இரவுச் சந்தையை அவள் முழுசாகப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த கனகராஜ் கொஞ்ச நேரம் மேடையை மறந்தே போனார்.

மாதம் முடிந்ததும் பிரேமலா வந்தாள். "எந்த மாசம் நல்லா இருந்துச்சுக்கா?"

"ரெண்டாவது. கால் லேசா இருக்கு, வலி பாதிகூட இல்ல."

கனகராஜ் துள்ளி எழுந்து மூர்த்தியின் நம்பரைத் தேடினார்.

"அண்ணே, இருங்க. ரெண்டாவதுல இருந்தது அரிசி மாவு."

"அலாமாக்! நீதானேம்மா ரெண்டாவதுல மருந்துன்னு..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சந்திரமதி சிரித்தாள். "எதுல எதுன்னு எனக்கும் தெரியாதுங்க. 'அண்ணன் வந்து கேப்பாரு, மாத்திச் சொல்லு'ன்னு மட்டும்தான் அவகிட்ட சொல்லி வச்சேன். மருந்துன்னு நீங்க நம்புற மாசம் உங்களால சும்மா இருக்க முடியாதே."

"அப்போ..."

"மருந்து தின்ன மாசம் வலி. மாவு தின்ன மாசம் சுகம். எது வேலை செஞ்சிருக்கு, நீங்களே சொல்லுங்க. தரம் பாக்கிற ஆளாச்சே."

கோபப்பட முயன்றார். வரவில்லை. வந்தது மரியாதைதான். இத்தனை வருஷம் தரம் பார்த்து, இப்படி ஒரு சோதனை நடத்த நமக்குத் தோன்றவில்லையே, என்ன மூளை இவளுக்கு என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"சரி, இந்த வேலையெல்லாம் நான் எவ்வளவு நாளைக்குச் செய்யணும்?"

"இது முழுசாப் போற நோய் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அப்போ மருந்தை மட்டும் எப்படிங்க நிறுத்துறது?"

மறுநாள் காலையில் கனகராஜின் போன் அடித்தது. காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த சந்திரமதி எடுத்தாள். மூர்த்திதான்.

"என்ன அண்ணி, மருந்து நல்லா வேலை செய்யுதா?"

"பிரமாதமா செய்யுது தம்பி. இப்பகூட பின்னால துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கு."