மலிவுக் கிட்டாருக்கு நான் வழங்கிய தீர்ப்பு

எலெக்ட்ரிக் கிட்டாரின் தரத்தை நிர்ணயிக்கும் தகுதி இவ்வுலகில் மிகச் சிலருக்கே உண்டு. எங்கள் குடும்பத்தில் அது எனக்கு உண்டு. என்னிடம் விலையுயர்ந்த கிட்டார் ஒன்று இருப்பதால் இந்தப் பதவி தானாக வந்து சேர்ந்தது. வாசித்துக் காட்டச் சொல்பவர்களிடம் "கம்பி மாத்தணும்" என்று சொல்லிவிடுவேன். நிபுணர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் மச்சினி, மலிவு விலையில் ஒரு கிட்டார் வாங்கி வந்தாள். அங்கே வேலை செய்பவர்கள் சேர்ந்து ஓர் இசைக்குழு ஆரம்பித்திருந்தார்கள்.

"நாளைக்குள்ள திருப்பிக் கொடுத்தா கடையில எடுத்துக்குவாங்க அத்தான். நல்லா இருக்கான்னு நீங்கதான் சொல்லணும். இதைவிட ஒசத்தியா வாங்க என்னால முடியாது. இதுவும் போச்சுன்னா குழுவுல எனக்கு இடமில்லை."

ஒரு பெண்ணின் கலை வாழ்வு என் காதுகளை நம்பி இருந்தது. காதுகளைத் துடைத்துக்கொண்டேன்.

கூடத்தில் 'ஆய்வு' தொடங்கியது. முதலில் கிட்டாரை முகர்ந்தேன். முதுகில் தட்டினேன். ஒரு கண்ணை மூடி அதன் கழுத்தை நோட்டம் விட்டேன். குமிழ்கள் அனைத்தையும் 'முறைப்படி' திருகினேன். ஆம்ப்ளிஃபையரில் சொருகி, எனக்குத் தெரிந்த நான்கு சுரங்களையும் வாசித்தேன். மச்சினி ஐந்தாவதை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். கையமர்த்தினேன்.

"சத்தம் போர்வைக்குள்ளேருந்து வருது. கம்பி இரையுது. மரம் பக்குவப்படலை."

"கொஞ்சம் பழகினா சரியாகாதா அத்தான்?"

"மனுஷன் பழகுவான். மரம் பழகாதும்மா."

"வேற ஏதாவது வாசிச்சுப் பாருங்களேன்."

"உங்க டாக்டர் எல்லாப் பல்லையும் புடுங்கிப் பாத்துட்டா சொத்தைன்னு சொல்றார்?"

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சொந்தபந்தம் பார்த்தால் தீர்ப்புக்கு என்ன மரியாதை? திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு, சமையலறைக்குத் தேநீர் குடிக்கப் போனேன்.

பாதி குடித்திருப்பேன். கூடத்திலிருந்து ஒரு பாட்டு கிளம்பியது. சுத்தமான நாதம். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"யாரைக் கேட்டு என் கிட்டாரை எடுத்தா?" என்று கத்தினேன். "இந்த நாதம் வேற எதுலயும் வராது! கொடுத்த காசு பேசுது பாரு!"

என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்க கிட்டார் கட்டிலுக்கு அடியில இருக்கு. அதுமேல பழைய துணி மூட்டை இருக்கு. ரெண்டையும் யாரும் தொடலை."

எட்டிப் பார்த்தேன். மலிவுக் கிட்டாரேதான். மச்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியா ஒரு தடவை வாசிச்சுக்கறேன் அத்தான். நீங்க டோன் குமிழை அடியோட குறைச்சு வெச்சிருந்தீங்க, ஏத்தினேன். விரலை நல்லா அழுத்தினா கம்பியும் இரையலை."

அந்தப் பாட்டைக் கெடுக்க எனக்கே மனம் வரவில்லை. தீர்ப்பு அங்கேயே திருத்தப்பட்டது.

"வெச்சுக்கோம்மா. நல்ல கிட்டார்."

ஆயினும், நிபுணன் என்ற முறையில் மலிவுக் கிட்டாரின் ஒரு பெரும் குறையைச் சொல்லாமல் விட முடியாது. வாசிப்பவரின் லட்சணத்தை அது நாலு பேருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. என் விலையுயர்ந்த கிட்டார் அப்படிப்பட்டதல்ல. கட்டிலுக்கு அடியில் கிடந்தபடியே, இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அது என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.