புஸ் அண்ணாச்சியின் ஊதுவிளக்கு

பேட்டையில் அந்த நாளில் யாராவது ஓட்டைக் குடத்தோடு செத்துப்போனார்கள் என்றால், அவர்கள் புஸ் அண்ணாச்சியிடம் சண்டை போட்டவர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது, கையடக்கமான பித்தளை ஊதுவிளக்கு ஒன்றை எடுத்து வந்தார். அடியில் சீமையெண்ணெய், பக்கத்தில் சின்னப் பம்பு. நாலு அடி அடித்துப் பற்றவைத்தால் ‘புஸ்ஸ்’ என்று நீலமாய்ச் சீறும். ஈயக் கம்பியைக் காட்டினால் வெண்ணெயாய் உருகி ஓட்டையை அடைக்கும். அன்றோடு அப்பா அம்மா வைத்த பெயர் போயிற்று.

ஈயம் பற்றவைப்பதோடு நின்றாரா? அப்பளம் சுட்டார். கோயில் கொடைக்கு வெட்டிய ஆட்டுத் தலைகளை மயிர் பொசுக்கினார். துருப்பிடித்த பூட்டுகளைச் சூடுகாட்டித் திறந்தார். எங்கள் வீட்டுக் கட்டிலில் மூட்டைப்பூச்சியைச் சுட வந்தவர் கயிற்றையும் சேர்த்துச் சுட்டார்.

“அண்ணாச்சி, கட்டில் போச்சே!” என்றேன்.

“பூச்சியும் போச்சுல்லா வே?” என்றார்.

நான் அப்போது ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கூரைவரை காகிதக் கட்டுகள். உள்ளே தீக்குச்சி உரசினாலே வேலை போய்விடும். அந்த உத்தரவை எழுதி ஒட்டிய ஹெட் கிளார்க்கின் கூஜா ஒருநாள் ஒழுகியது.

“அந்த ஆளைக் கூட்டிக்கிட்டு வாரும். பின்பக்கமா வரட்டும்” என்றார் என்னிடம்.

அண்ணாச்சி வந்து, காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, மத்தியானம் முழுக்கச் சீறவிட்டார். நான் வாசலில் காவல்.

சாயங்காலம் தெருவுக்குத் திரும்பினால், தெருப் பெரியவரின் வைக்கோல் படப்பு சாம்பலாகக் கிடந்தது. ஒட்டியிருந்த ஓலைத் தொழுவத்தில் இரண்டு பசுக்கள் கருகிவிட்டன. பெரியவர் தினமும் சாப்பிட்டுவிட்டுப் படப்பில் சாய்ந்து சுருட்டுப் பிடிப்பவர். அது தெருவுக்கே தெரியும். ஆனாலும் தெரு கூடிப் போட்ட கூட்டத்தில் அவரேதான் முதலில் எழுந்தார்.

“நெருப்ப வச்சு விளையாடுதவன் இந்தத் தெருவுல ஒருத்தன்தாம்லே!”

அண்ணாச்சியை நடுவில் நிறுத்தினார்கள். “மத்தியானம் எங்கலே இருந்தே?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். உண்மை வெளியே வந்தால் ஹெட் கிளார்க் எப்படியும் தப்பிவிடுவார், தொலைவது நான்தான். வீட்டில் பிள்ளை பிறந்து பத்து நாள்.

“வீட்டுலதான் கெடந்தேன்” என்றார் அண்ணாச்சி.

விளக்கை ஆற்றில் போட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தேர் பார்க்கப் போகிற மாதிரி தெருவே பின்னால் போனது. நானும் போனேன். படித்துறையில் அண்ணாச்சி எண்ணெயை மணலில் கவிழ்த்தார்.

“சீக்கிரம் போடும்வே, என்ன செய்யுதீரு?” என்று ஒருவர் அதட்டினார்.

“எண்ணெய் கலந்தா மீன் சாவும்லா” என்று சொல்லிவிட்டு, விளக்கைத் தாமிரபரணிக்குள் வீசினார்.

மறுநாள் பெரியவர் ஓர் ஓட்டை அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“விளக்கு ஆத்துலல்லா கெடக்கு?” என்றார் அண்ணாச்சி.

“அதுக்கு நாங்க என்னவே செய்ய? நீருதான போட்டீரு!”

அந்த வாரமே அண்ணாச்சி ஊரைவிட்டுப் போய்விட்டார். பேட்டை முழுக்கக் குடங்கள் ஒழுகின. ஒருவருக்கும் வெட்கமில்லை. நான் மட்டும் என்ன, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாகச் சாத்தான்குளம் போனேன். சந்தையில் ஒரு மரத்தடியில் கரியடுப்பு, துருத்தி, புகையில் சிவந்த கண்கள். அண்ணாச்சி. அவர்தான் முதலில் கேட்டார்.

“வாரும் வே. உம்ம வேலை நெலச்சிருக்கா?”

“இருக்கு அண்ணாச்சி.”

“பிள்ள?”

“நடக்குதான்.”

“பெறவென்ன!” என்று சிரித்து, ஒரு சாக்கை உதறிப் போட்டார்.

சந்தை கலையும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போன வேலையை அன்றைக்கு நான் பார்க்கவில்லை.