பைப்பு அக்காவின் புறம்போக்கு

“…கதையெல்லாம் அப்பால சொல்லு நைனா, மொதல்ல காலை எடு. பைப்பு மேல நின்னுகினு கீறே!”

இந்தக் குரலுக்குத் துள்ளாத கால் எங்கள் பட்டாபிராம் தெருவில் கிடையாது. குனிந்து பார்த்தால் அங்கே பைப்பும் கிடையாது. இல்லாத பைப்பை இப்படிக் காவல் காத்த ஆள் உலகத்திலேயே எங்கள் பைப்பு அக்கா ஒருவர்தான். அடித்துச் சொல்வேன்.

அக்காவுக்கு இட்லிக் கடை. கடையை ஒட்டி, எங்கள் தெருவுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே, ஒரு துண்டு அரசாங்கப் புறம்போக்கு. மெயின் ரோட்டில் ஓடும் குடிநீர்க் குழாய் எங்கள் பக்கம் திரும்ப அது ஒன்றுதான் வழி. அனுமதி கேட்டு மனுப் போட்டுவிட்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தோம்.

“எவனாச்சும் குந்திட்டான்னு வெச்சிக்க, பர்மிசனும் வராது, பைப்பும் வராது” என்பது அக்காவின் கட்சி.

புதிதாகக் குடிவந்த ஐ.டி. பையன் அங்கே காரை நிறுத்திவிட்டு, அக்கா போட்ட சத்தத்தில் துள்ளினான்.

“எந்தப் பைப்புக்கா?”

“வரப்போற பைப்பு. எடுப்பா வண்டிய, நசுங்கிடப் போவுது!”

பையன் பயந்துபோய் டயருக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தான்.

கட்சிக் கொடிக்கம்பம் நட எங்கள் தெரு ஏழுமலை அங்கே குழி தோண்டினார். அக்கா மாவுச் சட்டியோடு குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, “நடு அண்ணாத்தே, என் தலை மேலயே நடு” என்றார். பிள்ளையார் பந்தல் போட வந்தவர்களிடம், “அவரு இங்க குந்துனா அப்பால கோர்ட்டே சொன்னாலும் எயுந்திருக்க மாட்டாருப்பா. என் ஊட்டுக்கு இட்டுகினு வாங்க” என்றார். அந்த வருஷம் பிள்ளையார் அக்கா வீட்டு டிவிக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

ஸ்டேஷனுக்குக் குறுக்குவழி அந்த நிலத்தின் மேல்தான். பைப்பு வரும் என்று தான் நினைத்த இடத்தில் அக்கா காலை உயரத் தூக்கித் தாண்டுவார். வம்பு எதற்கு என்று நாங்களும் தாண்டினோம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட எங்களைப் பார்த்து, தாம்பாளத்தோடு தாண்டினார்கள்.

ஒருவழியாக அனுமதி வந்தது. பக்கத்துத் தெருப் புறம்போக்கில் எவனோ போட்ட ஷெட்டும் அதன் மேல் ஒரு வழக்கும் குறுக்கே நிற்க, தோண்டும் மெஷின் நேராக எங்களிடம் வந்தது. இன்ஜினியர் சுற்றிப் பார்த்தார்.

“இவ்ளோ காலியா ஒரு புறம்போக்கை என் சர்வீஸ்லயே பாத்ததில்லைங்க.”

தெருவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு நேராகப் போய் அக்காவின் அடுப்பு மேடை மேல் ஏறியது. மேடை ஒரு முழம் புறம்போக்கில் நின்றது. அதை இடித்தால் கடையே இல்லை.

“சார், கொஞ்சம் வளைச்சு வுடுங்க. அக்கா பொழைப்பே அதுல கீது சார்.” கெஞ்சியது யார் என்கிறீர்கள்? கொடிக்கம்பம் ஏழுமலை!

“வளைச்சா மறுபடி மொதல்லேர்ந்து பர்மிஷன் வாங்கணுங்க.”

அக்கா கோட்டைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“அட, இத்தினி நாளா நாந்தான் பைப்பு மேல நின்னுகினு இருந்தனா!”

அடுப்பை அணைத்தார். ஏழுமலை கையில் கடப்பாரையைக் கொடுத்தார். ஆவி பறக்கும் இட்லிக் குண்டானைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். கோட்டருகே வந்ததும், இன்னும் வராத அந்தப் பைப்பின் மேல் பட்டுவிடாமல், காலை உயரத் தூக்கித் தாண்டினார்.