கோர்னாராவில் எதையும் மாற்றக் கூடாது

இத்தாலியக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் கோர்னாராவுக்கு மூன்று வகை ஜீவன்கள் வருகின்றன. வசந்தத்தில் நெத்திலி, வருஷம் முழுக்கக் கடற்காக்கை, ஜூன் பிறந்தால் சுற்றுலாப் பயணி. இந்த மூன்றாலும் எங்களுக்குப் பெரிய தொந்தரவு எதுவும் கிடையாது. நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் 'சுற்றுலாப் பயணி அல்லாதவர்'. நான் வைத்ததல்ல, அவரே வைத்துக்கொண்ட பெயர். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

சாதாரணப் பயணி பாவம், வெகுளி. ரயிலைவிட்டு இறங்குவான், பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சளும் சிவப்புமான வீடுகளைப் பார்த்து வாயைப் பிளப்பான், கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பான், ஐஸ்கிரீம் தின்பான், ஐந்து மணி ரயிலில் போய்விடுவான். நம்மவர் அப்படியா? தொப்பி போட மாட்டார், ஏனென்றால் தொப்பி பயணிகள் போடுவது, வழி தெரியாவிட்டாலும் வழி கேட்க மாட்டார், கேட்டால் வெளியூர் ஆகிவிடுவாரே, பதினோரு மணிக்கு மேல் எங்கள் நாட்டில் யாரும் குடிக்காத பால் காப்பியைக் கேட்கும் ஜெர்மன்காரரை, காப்பி போடுகிற நானே சும்மா இருக்கும்போது, இவர் திரும்பி முறைப்பார், ரயிலிலிருந்து கூட்டம் இறங்கினால் "வந்துட்டாங்கய்யா!" என்று தலையில் கை வைப்பார். அவரும் அதே ரயிலில் வந்தவர்தான். முந்தின நாள்.

நான் பல வருஷமாகக் கண்காணித்துவரும் உருப்படி டாக்டர் ஃபுல்வியோ, மிலானில் பல் டாக்டர். பதினோரு வருஷமாக, ஜூனில் பதினைந்து நாள். மொத்தமாகக் கூட்டினால் அரை வருஷம்கூடத் தேறாது. ஆனாலும் அவர் வாயில் எப்போதும் "நம்ம ஊரு"தான்.

"எர்மெஸ், மெனு கார்டெல்லாம் அவங்களுக்குக் குடு. நீங்க வீட்ல என்ன சாப்பிடுறீங்களோ, அதைக் கொண்டா."

அன்று எங்கள் வீட்டில் டப்பா மீன். அதைக் கொண்டுவந்து வைத்தால் என் கடை என்ன ஆவது? மெனு கார்டில் ஏழாவதாக இருக்கிற நெத்திலியையே தட்டில் போடாமல் சட்டியோடு வைத்தேன். மனுஷர் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்! இதை அவங்களுக்குப் போட மாட்டீங்களே!" என்றார். பக்கத்து மேஜையில் ஒரு கொரியத் தம்பதி அதையேதான் தின்றுகொண்டிருந்தார்கள்.

அவருடைய தாரக மந்திரம் ஒன்று உண்டு: "எதையும் மாத்திடாதீங்க." அலுமினியக் கதவு போட்டால் வருத்தப்படுவார். தெருவிளக்கில் புது பல்பு போட்டால் துக்கம் விசாரிப்பார். ஒருநாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நோர்மா அக்காவைக் கீழேயிருந்து கூப்பிட்டார்.

"நோர்மா, அந்த பிளாஸ்டிக் கிளிப்பை எடுத்துட்டு மரக் கிளிப்பு போடக் கூடாதா? போட்டோ கெடுதே!"

"மரக் கிளிப்போட கம்பி துருப்பிடிச்சுத் துணியெல்லாம் கறை, டாக்டர். வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. உங்க ஆஸ்பத்திரியில மர நாற்காலி போட்டு, கொறடு வச்சுப் பல்லு புடுங்குங்க. நானும் வந்து நாலு போட்டோ எடுத்துக்கறேன்."

நோர்மா அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. ஊரில் இன்னமும் மீனுக்குப் போகிற இரண்டு படகுகளில் ஒன்று அவளுடையது. வலது தோள்பட்டை போய்விட்டது. நாக்கு போகவில்லை.

எங்களுக்குத் துறைமுகம் கிடையாது. பாறை நேராகக் கடலில் இறங்குகிறது. படகை நிறுத்த ஒரே இடம், கற்சரிவில் இழுத்து ஏற்றினால் கிடைக்கும் சதுக்கம், அதாவது என் கடைவாசல். தென்மேற்கிலிருந்து லிபெச்சோ காற்று கிளம்பினால் கோவில் மணி அடிக்கும். அடித்தால் ஊரில் யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி வந்து கயிற்றைப் பிடிக்க வேண்டும். படகு மேலே வந்ததும் படகுக்காரர் எல்லோருக்கும் ஒயின் ஊற்ற வேண்டும். இதுதான் வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? இப்போதெல்லாம் மணி அடித்தால் ஆறு பேர் வருகிறார்கள். அதில் மூன்று பேரை நாம்தான் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும்.

அதனால் நோர்மா அக்கா இரண்டு வருஷம் நடையாய் நடந்து, சரிவின் உச்சியில் படகை இழுக்கும் ஒரு மின்சார வின்ச் வைக்க மனுப் போட்டாள். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்லலாம் என்று ஊராட்சிச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்தச் சுவரை எங்களில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டாக்டர் மிலானில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரில் ஒன்று விடாமல் படிக்கிறார். இருபத்தெட்டாம் நாள் பதிவுத் தபால் வந்தது. நான்கு பக்கம்.

ஊராட்சி எழுத்தர் செல்சா அதை என் கடையில் வைத்துத்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். இரும்பு யந்திரம் காட்சியைக் கெடுக்கும் என்று முதல் மூன்று பக்கம். நான்காம் பக்கத்தில் வந்தது வினை.

"'கோர்னாராவின் உயிர் அந்தக் கயிற்றில் இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை. அவ்வூர்க் காப்பிக்கடைக்காரர் எர்மெஸ் கண்ணீர் மல்க என்னிடம் சொன்னார்: கயிறு போய்விட்டால் நாங்கள் ஓர் ஊரே அல்ல, வெறும் வீடுகள்.'"

நோர்மா அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"சொன்னியாடா?"

"சொன்னேன்க்கா."

"ஏன்டா?"

ஏனா? அன்று டாக்டரின் கிளாஸ் காலியாக இருந்தது. இந்த மாதிரி ஒரு வாக்கியம் எடுத்துவிட்டால் இன்னொரு கிளாஸ் கேட்பார். கேட்டார்.

"அது சரி, கண்ணீரு?"

"வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன்."

"நீ கடைசியா எப்ப அந்தக் கயித்தைத் தொட்ட? மணி அடிச்சா ஷட்டரைப் பாதி எறக்கிட்டு உள்ள பதுங்கறவன்தானே நீ? உனக்கு இடுப்பு வலி, எனக்குத் தோள் வலி. ஆனா படகு என்னுது."

எனக்கு வெட்கமாக இருந்தது, மறைப்பானேன். வின்ச் மனு விசாரணைக்காக மாவட்ட அலுவலகத்துக்குப் போயிற்று.

அந்த ஜூனில், டாக்டர் வந்த நான்காம் நாள் காலை, லிபெச்சோ கிளம்பியது. மணி அடித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் ஆளாக ஓடிவந்தவர் டாக்டர்தான்! வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். அவரைப் பார்த்து நானும் பிடித்தேன். டாக்டர், நான், பாதிரியார், செல்சா, நடக்கவே தடுமாறும் இரண்டு கிழவர்கள், அக்கா. ஏழு பேர். ஒரு காலத்தில் இருபது பேர் இழுத்த அக்காவின் படகு அது. பாதிச் சரிவு வரை வந்துவிட்டது. அப்போது ஒரு அலை பின்னாலிருந்து தூக்க, கயிறு எங்கள் உள்ளங்கைத் தோலையும் சேர்த்துக்கொண்டு வழுக்கியது. படகு பாறை விளிம்பில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று பலகை உள்ளே போய்விட்டது.

மிச்சத்தை எப்படியோ மேலே இழுத்துப் போட்டோம். நோர்மா அக்கா வீட்டுக்குப் போனாள். இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். ஒயின் ஜாடியோடு வந்தாள். வழக்கம் வழக்கம்தானே. ஒருவர் விடாமல் ஊற்றினாள், எனக்குக்கூட.

டாக்டர் ரத்தம் கசியும் கைகளை விரித்துக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை. "பாத்தீங்களா நோர்மா? இதுக்குத்தான் நான் எழுதினேன்! எல்லாரும் ஒண்ணா நின்னோமே, ஒரு மெஷின் இதைக் குடுக்குமா?"

அக்கா அவர் கிளாஸைப் பார்த்தாள். விளிம்பு வரை ஊற்றினாள்.

"குடிங்க டாக்டர்."

பலகையை மாற்றித் தருகிறேன் என்று தச்சர் சொன்னார். "மாத்திட்டு? அடுத்த காத்துக்கு யாரு இழுப்பா?" என்றாள் அக்கா. இப்போது தினமும் காலை ஆறு மணி ரயிலில் பக்கத்து நகரமான லா ஸ்பெட்ஸியாவுக்குப் போய் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். மனு இன்னும் மாவட்ட அலுவலகத்தில் தூங்குகிறது. உடைந்த படகில் ஊராட்சி மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைத்திருக்கிறது. பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஜூனிலும் டாக்டர் வந்தார். சட்டியில் நெத்திலி கேட்டார். சந்தையில் வாங்கியது என்றேன், முகம் தொங்கிவிட்டது. "நோர்மா இப்ப கடலுக்குப் போறதில்லையாமே? சே! ஊரைக் கெடுத்துட்டாங்க எர்மெஸ்."

"யாரு டாக்டர்?"

"சுற்றுலாப் பயணிங்கதான். வேற யாரு?"

பிறகு என் காதோரம் குனிந்து ரகசியம் சொன்னார். சர்தீனியாவில் ஓர் ஊர் இருக்கிறதாம். இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லையாம். அப்படியே இருக்கிறதாம்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்தேன், போன மாதம் மலைமேல் இருக்கும் என் மச்சினி ஊருக்குப் போய், "இந்த மண் ரோட்டுக்குத் தார் மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லி முடிக்கும் வரை. நீங்கள் எப்படி? விடுமுறைக்குப் போன ஏதோ ஓர் ஊரில், புகையில் இருமிக்கொண்டே உங்களுக்குச் சோறு போட்ட அம்மாளிடம், "விறகடுப்பை மட்டும் விட்டுடாதீங்க, இந்த ருசி வேற எங்கயும் வராது" என்று சொன்னீர்களா இல்லையா?

சொல்லியிருந்தால் கவலைப்படாதீர்கள். அந்த அம்மாள் உங்களுக்கு இன்னொரு கரண்டி போட்டிருப்பாள்.