என் கண்ணிமையில் கத்தரிப்பூ

திருநெல்வேலி டவுனில் அரிதாரம் அண்ணாச்சியின் விரல் படாமல் தப்பிய முகங்கள் இரண்டே இரண்டு. ஒன்று நெல்லையப்பருடையது, அவர் லிங்கமாக இருந்ததால் தப்பித்தார். மற்றது கலெக்டர் துரையுடையது. அவர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்ததால் தப்பித்தார்.

அண்ணாச்சி ஒரு நாடகக் கம்பெனியில் வேஷம் போட்டுவிடுகிறவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். நான் அப்போது வக்கீல் குமாஸ்தா. கீழ ரத வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இரண்டு பேரும் குடியிருந்தோம். எந்த முகத்தைக் கண்டாலும் அவருக்கு வெள்ளையடிக்காத சுவரைக் கண்டதுபோலக் கை பரபரக்கும். "ராவணன் மூக்குவே இது. ஒம்மகிட்ட கெடந்து வீணாப் போகுது" என்று தபால்காரரிடம் ஒருநாள் வருத்தப்பட்டார். அன்றிலிருந்து எங்கள் கடிதங்கள் மாடி ஏறுவதில்லை, கீழேயே கிடந்தன.

அவருக்கு ஒரு விரதம் உண்டு. பூசிய முகத்தைத் தன் கையால் துடைக்கவே மாட்டார். தாலுகா கச்சேரிச் சேவகர் ஒருவர் வேடிக்கையாக முகத்தைக் கொடுத்து, சூர்ப்பனகை புருவம் வாங்கிக்கொண்டு, துடைத்துவிடச் சொல்லி மன்றாடினார். அண்ணாச்சி மசியவில்லை. "பொறக்க வைக்கதோட என் சோலி முடிஞ்சுது. கொல்லுத பாவம் எனக்கு எதுக்குவே?" என்றார். சேவகர் புருவத்தோடுதான் தாசில்தார் முன்னால் போய் நின்றார்.

இப்படிப்பட்டவருக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது. சீதைக்கும் தாடகைக்கும் ஒரே மையைத் தீட்டுகிறார் என்று கம்பெனி முதலாளி சலித்துக்கொண்டு, தூத்துக்குடிக் கப்பலில் தருவித்தது. அஞ்சறைப்பெட்டி மாதிரி எட்டுக் குழி. பன்னீர்ரோஜா, கத்தரிப்பூ, வெங்காயத்தோல், புறாக்கழுத்து என்று அத்தனையும் கண்ணிமைக்கு மேல் தடவுகிற சாயங்கள். தொட்டால் கரைந்துவிடுமோ என்கிற அளவுக்கு மென்மையான பெண்மைச் சாயல். அடுத்த நாடகத்தில் சீதை இந்த இமைகளோடுதான் வர வேண்டும்.

பூசிப் பார்க்கத்தான் இமை கிடைக்கவில்லை. சீதை வேஷக்காரர் பொன்னுக்கு வீங்கி வந்து ஊருக்குப் போய்விட்டார். அண்ணாச்சி தன் இமையிலேயே பூசிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ண மூடினா கண்ணாடி தெரியல. கண்ணாடி தெரிஞ்சா இமை தெரியல. என்ன எழவுவே இது?"

எனக்கு அவர் சங்கடத்தைக் கவனிக்க நேரமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. அதுகூடப் பெரிதில்லை. இந்தப் பெண்ணை நான் பாபநாசம் படித்துறையில் ஒரு தடவை பார்த்திருந்தேன். ஆற்றோடு போன செம்பைத் துரத்திக்கொண்டே சிரித்தவள். அவள் கிடைக்காவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று உள்ளூர முடிவு செய்திருந்தேன்.

ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி ராகு காலம் என்பது எனக்கு உறைக்கவில்லை, அவர்களுக்கு உறைத்துவிட்டது. மூன்று மணிக்கே வந்து நின்றார்கள். நான் வாரிச் சுருட்டி எழுந்து, கண்ணாடி பார்க்காமலே திருநீற்றைப் பூசிக்கொண்டு கீழே திண்ணைக்கு ஓடினேன்.

தகப்பனாரோடு பெண்ணின் தாய்மாமனும் வந்திருந்தார். அவர் வைத்தியர். நாடி பிடிக்கிறவன் அரை வைத்தியன், தொடாமல் நோய் சொல்லுகிறவன்தான் முழு வைத்தியன் என்பது அவர் கொள்கை. இரண்டு பேரும் என் கண்ணையே பார்த்தார்கள். நம் கண்ணழகு அப்படி என்று நான் வேறு இரண்டு தரம் பைய இமைத்துக் காட்டினேன்.

வைத்தியர் எழுந்தார். "அத்தான், பொறப்படுங்க. வலது கண்ணுல பித்தம், இடது கண்ணுல வாயு. ரெண்டும் நெத்தியில சந்திக்க ஆறு மாசம் ஆகாது. சந்திச்சா சங்குதான்."

"எனக்கு ஒரு நோயும் இல்லைய்யா" என்றேன்.

"இல்லேன்னு சொல்லுததுதான் இதுக்கு மொத கொணம்."

தகப்பனார் குடையைக் கையில் எடுத்துவிட்டார். செம்பு ஆற்றோடு போயே போய்விட்டது.

அப்போது மாடிப்படியில் அண்ணாச்சி வந்தார், கையில் பெட்டியோடு. என் முகத்தை வெளிச்சத்தில் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "தூங்குத இமைதாம்வே துடிக்காது. அதான் நீரு தூங்கையில பூசிப் பாத்தேன். வலதுல ரோஜா, இடதுல கத்தரிப்பூ. எடுப்பாத்தான் இருக்கு" என்றார்.

"சாயமா?" என்றார் தகப்பனார்.

"யாருகிட்ட கதை விடுதீரு? இது பித்தம்" என்றார் வைத்தியர்.

அண்ணாச்சி குடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துடைத்துவிடச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. சேவகர் கதை எனக்குத் தெரியும். அவரோ மாடக்குழியிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து, வேட்டி முனையை அதில் நனைத்தார்.

"கண்ண மூடும்வே."

இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முகத்தைத் துடைத்தார். ரோஜாவும் கத்தரிப்பூவும் வேட்டியில் இறங்கின. என் சொந்த இமை வெளியே வந்தது.

வைத்தியர் முகம் சுண்டிப்போயிற்று. அண்ணாச்சியோ சட்டென்று அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். "சாயத்தை ஒடம்புன்னு நம்பின மொத ஆளு நீங்கதான்யா. எனக்கு இது போதும்."

வைத்தியர் கொஞ்ச நேரம் யோசித்து, இது பாராட்டுத்தான் என்ற முடிவுக்கு வந்தார். "அவ்வளவு நயமாப் பூசியிருந்தீரு" என்று உட்கார்ந்தார். தகப்பனார் வாய்விட்டுச் சிரித்துக் குடையைச் சுவரில் சாய்த்தார்.

தை மாதமே கல்யாணம் நடந்தது. அண்ணாச்சி அந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தார், கறை படிந்த முனை தெரிகிற மாதிரி. சலவைக்குப் போடவில்லையா என்று கேட்டதற்கு, "அதுவும் நான் பூசின மொகந்தானவே" என்றார்.

அண்ணாச்சி காலமாகிப் பல வருஷமாயிற்று. இப்போதும் நான் மத்தியானம் தூங்கினால் பேத்தி என் கண்ணில் குங்குமத்தைத் தடவிவிட்டு ஓடிவிடுகிறாள். துடைத்துக்கொள்ளச் சொல்லி என் மனைவி சத்தம் போடுகிறாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு துடைக்க வேண்டியவர் வரட்டும் என்று, கொஞ்ச நேரம் கண்ணை மூடியபடியே இருந்துவிடுகிறேன்.